மெலிந்து உயர்ந்த எழுத்து: தமிழ் எழுத்துரு வரைவோருக்கும் பக்கம் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்



தமிழ்த் திரைப்படச் சுவரொட்டிகளிலும் நூலட்டைகளிலும் அழைப்பிதழ்களிலும் இன்று ஒரு வகை எழுத்து மிகுதியாகக் காணப்படுகிறது. அது மெல்லிய கோட்டால் அமைந்து, அகலத்தில் ஒடுங்கி, உயரத்தில் நீண்டு நிற்பது. ஆங்கிலச் சொற்களுக்கு இவ்வடிவம் பயன்படும்போது அது பெரும்பாலும் அவ்வாறே வரையப்பட்ட எழுத்துருவாக இருக்க, அதே பக்கத்தில் அதன் அருகே நிற்கும் தமிழ்ச் சொற்களோ, இயல்பான அகலத்தில் வரையப்பட்ட ஓர் எழுத்துருவைக் கணினியில் பக்கவாட்டில் நெருக்கிப் பெற்றவையாகப் பலமுறை இருக்கின்றன. ஒடுக்கமாக வரையப்பட்ட எழுத்து வேறு, நசுக்கப்பட்ட எழுத்து வேறு என்பதையும், முன்னது தமிழுக்கும் வேண்டும் என்பதையும், அதன் மெலிவுக்குத் தமிழெழுத்தின் மரபிலேயே வேர் உண்டு என்பதையும் இம்மடல் எடுத்துரைக்க விழைகிறது.

இலத்தீன் எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் குறுக்காக இடப்படும் சிறு கால்களுக்குச் செரிஃப் என்று பெயர். அக்கால்கள் இல்லாத எழுத்து சான்ஸ் செரிஃப் எனப்படும். அச்சுக்குரிய உலோக எழுத்தாக அது முதலில் வெளிவந்தது இலண்டனில், நான்காம் வில்லியம் காஸ்லனின் 1816ஆம் ஆண்டு மாதிரி ஏட்டில். பெரிய எழுத்துகள் மட்டுமே கொண்டிருந்த அந்த எழுத்துக்குப் பின், 1832இல் வின்சென்ட் ஃபிகின்ஸ் தம் வார்ப்பகத்தின் எழுத்துக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். எந்த எழுத்துருவையும் விவரிப்பதற்கு இரண்டு அளவுகள் இன்றியமையாதவை: ஒன்று கனம், அதாவது கோட்டின் தடிப்பு, மற்றொன்று அகலம், அதாவது எழுத்து வரியில் பக்கவாட்டில் எடுத்துக்கொள்ளும் இடம். கனம் குறைந்தால் எழுத்து மெலியும், அகலம் குறைந்தால் ஒடுங்கும்; இரண்டும் ஒரே எழுத்தில் கூடும்போது பிறப்பதே இங்குப் பேசப்படும் வடிவம்.

ஒடுங்கிய எழுத்தைத் தோற்றுவித்தது அழகுணர்ச்சியன்று, இட நெருக்கடி. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் சுவர்களை நிறைத்த விளம்பரத் தாள்களில் ஒவ்வொரு வரியும் தாளின் முழு அகலத்தையும் நிரப்ப வேண்டும் என்பது அச்சகத்தாரின் வழக்கமாக இருந்தது. ஆகவே இரண்டு சொல் வரிக்குப் பரந்த எழுத்தும், ஏழு சொல் வரிக்கு ஒடுங்கிய எழுத்தும் தேவைப்பட்டன. உள்ளங்கை அளவு எழுத்தை உலோகத்தில் வார்ப்பது கனமும் செலவும் மிக்கதாக இருந்த நிலையில், நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் சுழலும் வெட்டுக்கருவியால் மரக்கட்டையில் எழுத்தைக் குடையும் முறையைக் கண்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதனோடு பான்டோகிராஃப் என்ற படியெடுக்கும் கருவியை இணைக்கவே, ஒரே மாதிரிப் பலகையிலிருந்து பல அளவுகளில் எழுத்துகளை வெட்டி எடுப்பது எளிதாயிற்று. மர எழுத்துப் பட்டியல்கள் ஒடுங்கிய, மிக ஒடுங்கிய வகைகளால் பெருகியது இதன் பின்னரே.

இங்கு ஒரு செய்தி மனங்கொள்ளத் தக்கது. மரத்தாலோ ஈயத்தாலோ ஆன எழுத்து ஒரு திடப்பொருள். அதை எவரும் பக்கவாட்டில் அமுக்கிச் சிறிதாக்க இயலாது. ஒடுங்கிய எழுத்து வேண்டுமெனில் ஒருவர் அமர்ந்து அதைப் புதிதாக வரைந்தாக வேண்டும். அமெரிக்காவின் 23 வார்ப்பகங்கள் 1892இல் ஒன்றிணைந்து உருவான அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தில் மாரிஸ் ஃபுல்லர் பெண்டன் 1903இல் உருவாக்கிய ஆல்டர்னேட் காதிக் என்னும் எழுத்து இதற்குச் சிறந்த சான்று. செரிஃப் இல்லா எழுத்தை அந்நாட்டு அச்சகத்தார் காதிக் என்றே வழங்கினர். ஒரே சாயலுடைய அவ்வெழுத்தை அவர் மூன்று அகலங்களில் தனித்தனியே வரைந்து தந்தமையால், செய்தித்தாளின் குறுகிய பத்தியில் தலைப்பு அடங்காதபோது அச்சுக்கோப்பவர் சொல்லை மாற்றாமல் எழுத்தின் அகலத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. நூறாண்டுகள் கடந்து, 2011இல் வெர்னான் ஆடம்ஸ் இச்சாயலைத் திரைக்கு ஏற்ப மீள வரைந்து ஆஸ்வால்டு என்ற பெயரில் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்தார். இணையத்தில் ஒடுங்கிய தலைப்பெழுத்து இத்துணை பரவியதில் அவ்வெழுத்துருவுக்குப் பெரும் பங்குண்டு.

பெண்டனின் ஆல்டர்னேட் காதிக் எழுத்துகள் ஒடுங்கியவையே அன்றி மெலிந்தவை அல்ல. மெலிவும் ஒடுக்கமும் சேர்ந்த வடிவத்தை ஒரு நாகரிகமாகக் கொண்டாடியது 1930களின் ஆர்ட் டெகோ என்னும் கலைப்பாணிக் காலம். வால்டர் ஹக்ஸ்லி 1935இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்கு வரைந்த ஹக்ஸ்லி வெர்ட்டிகல் அக்காலத்தின் முகத்தை இன்றும் காட்டி நிற்கிறது. ஆயினும் அவ்வடிவத்தை ஒரு முழுமையான ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் பணியாற்றிய ஆட்ரியன் ஃப்ருட்டிகர். பாரிஸின் டெபெர்னி எ பெஞ்ஞோ வார்ப்பகம் 1957இல் வெளியிட்ட அவருடைய யூனிவர்ஸ், தொடக்கத்திலேயே 21 வகைகளைக் கொண்ட குடும்பமாகத் திட்டமிடப்பட்டது. 'லைட்', 'போல்டு' என்று வார்ப்பகத்துக்கு வார்ப்பகம் பொருள் மாறும் பெயர்களைத் தவிர்த்து ஒவ்வொன்றுக்கும் அவர் ஈரிலக்க எண் தந்தார். முதல் இலக்கம் கனத்தையும் இரண்டாம் இலக்கம் அகலத்தையும் சாய்வையும் குறித்தன. நடுவில் நிற்பது 55. 47 என்பது மெலிந்து ஒடுங்கியது. பட்டியலின் கடைக்கோடியில், மிக மெல்லியதும் மிக ஒடுங்கியதுமாக நிற்பது 39.

அந்த 39ஐச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். அதன் 'ஓ' வட்டமன்று. இரு நெட்டைக் கோடுகள் அருகருகே நின்று, மேலும் கீழும் சிறு வளைவுகளால் மூடப்படுகின்றன. 'எச்', 'என்', 'யு', 'டி' ஆகிய அனைத்தும் ஏறத்தாழ ஒரே அகலத்துக்குள் அடங்குவதால் ஒரு சொல் முழுவதும் கம்பி வேலிபோலச் சீரான இடைவெளியில் அமைந்த செங்குத்துக் கோடுகளாகத் தோற்றமளிக்கிறது. எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடமும் இரண்டு எழுத்துகளுக்கு இடையே விடப்படும் வெற்றிடமும் ஏறக்குறைய சமமாக இருப்பதே இவ்வழகின் மறைபொருள். அதுவே இவ்வெழுத்தின் குறையும் ஆகும். எங்கே ஓர் எழுத்து முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதைக் கண் தேடிக் காண வேண்டியிருக்கிறது.

யூனிவர்ஸ் 39 பலராலும் அறியப்பட்டது ஃப்ருட்டிகர் எதிர்பாராத ஓரிடத்தில். ஹாலிவுட் சுவரொட்டியின் அடியில் நடிகர், படத்தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர், இயக்குநர் ஆகியோரின் பெயர்கள் நெருக்கி அடுக்கப்படும் பகுதிக்கு பில்லிங் பிளாக் என்று பெயர். யார் பெயர் எந்த வரிசையில், எந்த அளவில் வரவேண்டும் என்பதை ஒப்பந்தங்கள் வரையறுக்கின்றன. படத்தலைப்பின் எழுத்தளவில் 15 முதல் 35 விழுக்காடு வரையிலான ஒரு பங்கு பெயர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது பொதுவாக வழங்கும் நிபந்தனை. எழுத்தின் அளவு அதன் உயரத்தைக் கொண்டு மதிப்பிடப்பட்டு வந்தமையால், உயரத்தைக் குறைக்காமல் அகலத்தை மட்டும் குறைத்தால் ஒப்பந்தமும் காக்கப்படும், படத்துக்குரிய இடமும் பறிபோகாது என்பதை வடிவமைப்பாளர்கள் கண்டுகொண்டனர். பெயர்களுக்கு மட்டுமே அந்நிபந்தனை என்பதால், 'இயக்கம்', 'இசை' போன்ற பணிப்பெயர்கள் பாதி உயரத்தில், சில வேளை இரண்டடுக்காக, பெயர்களுக்கு இடையே செருகப்படுகின்றன. இவ்வாறு ஒரு சட்ட நிபந்தனையும் ஓர் எழுத்துருவும் சந்தித்த இடத்தில் பிறந்த உருவம், இன்று எந்த நாட்டுச் சுவரொட்டியிலும் 'இது திரைப்படம்' என்று அறிவிக்கும் முத்திரையாகவே ஆகிவிட்டது. ஆனால் நூற்றுக்கணக்கானோர் உழைப்பின் பயனான ஒரு படைப்பில், அவர்களுள் பெயர் பெறத் தகுதி உடையோர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரின் பெயர்களும், மூன்றடித் தொலைவில் நிற்பவருக்குப் படிக்கக் கிடைப்பதில்லை என்பது அந்தத் தீர்வின் மறுபக்கம்.

படிக்கப்படுவதே முதன்மையான இடங்களில் ஒடுக்கம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வேறு துறைகள் தெளிவாகக் கண்டறிந்துள்ளன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைகளுக்கென அமைந்த எழுத்து, ஏ முதல் எஃப் வரை ஆறு அகலங்களில் வரையறுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் மிக ஒடுங்கியதான ஏ வகை, விரைந்து செல்லும் வண்டியிலிருந்து படிப்பதற்கு ஏற்றதன்று எனக் கைவிடப்பட்டது. இதற்கு நேர்மாறான வெற்றி, மேத்யூ கார்ட்டர் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைபேசி விவரத்திரட்டுக்காக 1978இல் நிறைவு செய்த பெல் சென்டெனியல். மிகச் சிறிய அளவில், மலிவான தாளில், விரைவாக ஓடும் அச்சுப்பொறியில் அச்சாக வேண்டிய அவ்வெழுத்தை அவர் ஒடுக்கமாக வரைந்தாரே ஒழிய மெலிவித்தாரில்லை. மாறாக, எழுத்தின் உள்வெற்றிடங்களைத் திறந்து வைத்து, கோடுகள் சந்திக்கும் மூலைகளில் சிறு வெட்டுகளை விட்டார். தாளில் பரவும் மை அவ்வெட்டுகளில் போய் நிறைந்ததால் எழுத்து அடைபடாமல் காக்கப்பட்டது. அளவு சிறிதாகும் இடத்தில் மெலிவைக் கைவிட்டால்தான் ஒடுக்கம் நிலைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மெலிவு மட்டும் தனியே தரும் இடரை 2013ஆம் ஆண்டு பலரும் தம் கைகளிலேயே கண்டனர். ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கான ஏழாம் இயங்குதளத்தின் முன்னோட்டத்தில் ஹெல்வெட்டிகா நோயே எழுத்துருவின் மெல்லிய வகையைத் திரை முழுவதும் பயன்படுத்தி, எழுந்த குறைகூறலுக்குப் பின் பொது வெளியீட்டுக்கு முன்பே பல இடங்களில் அதைச் சற்றுக் கனமாக்கியது. திரையின் மிகச் சிறிய ஒளிப்புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். கோட்டின் தடிப்பு ஒரு பிக்சலைவிடக் குறையும்போது, கருப்புக் கோட்டைத் திரை கருப்பாகக் காட்ட இயலாமல் சாம்பல் நிறமாகக் காட்டுகிறது. ஆகவே வெள்ளைப் பின்புலத்தில் தூய கருப்பையே தேர்ந்திருந்தாலும், படிப்பவரின் கண்ணுக்கு வந்து சேர்வது வெளிறிய எழுத்து. இணைய அணுகல் நெறிமுறைகள் வழக்கமான எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற வேறுபாட்டைக் கோருகின்றன. அவ்வெண் நிறத்தை அளக்கிறதே ஒழியக் கோட்டின் தடிப்பை அளப்பதில்லை என்பதை மெல்லிய எழுத்தைத் தேர்வோர் மறக்கலாகாது. அச்சிலும் இதற்கு இணையான இடர் உண்டு: கருமையான பின்புலத்தில் வெள்ளையாக விடப்படும் மெல்லிய எழுத்து, நான்கு வண்ணத் தகடுகளில் ஒன்று இம்மி விலகினாலும் நிறம் நிரம்பி மறைந்துவிடும்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழெழுத்து நூற்றாண்டுகளாக வளர்ந்தது பனையோலையில். எழுத்தாணியின் கூர்முனை கீறும் கோடு எத்திசையில் சென்றாலும் ஏறத்தாழ ஒரே நுண்மையுடையது. இலத்தீன் எழுத்துக்கு அகன்ற பேனா தந்த தடிப்பு மெலிவு வேறுபாடு ஓலையில் எழுதிய தமிழுக்கு இல்லை. செரிஃபும் இல்லை. எனவே, சீரான மெல்லிய கோடு என்பது தமிழுக்கு மேலைநாட்டிலிருந்து வந்த நாகரிகமன்று. அது நம் எழுத்தின் பழைய இயல்பு. புதியது ஒடுக்கமே. ஓலை நீளத்தில் தாராளமானது, உயரத்தில் கஞ்சத்தனமானது; சில விரற்கடை உயரத்துக்குள் பல வரிகளை அடக்க வேண்டியிருந்த ஏட்டில் எழுத்து பக்கவாட்டில் பரந்தது. சுவரொட்டியோ கைப்பேசித் திரையோ இதற்கு நேர் எதிரானது: உயரம் மிகுதி, அகலம் குறைவு. ஓலைக்குப் பழகிய எழுத்தைத் திரைக்கு நிமிர்த்தும் பணியே ஒடுங்கிய தமிழ் எழுத்துருவை வரைவோர் மேற்கொள்ளும் பணி.

இடத்தைச் சேமிக்க வேண்டிய கட்டாயம் தமிழ் அச்சுக்குப் புதிதன்று. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்து தாளை விழுங்கியமையால், அருகிலிருந்த பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. எழுத்தை அளவில் சிறிதாக்குவதே அன்று கண்ட வழி. உயரத்தை வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் குறைப்பது வேறொரு கலை.

அதன் கடினத்தை ஒரு சொல்லைக் கொண்டே காட்டலாம். 'தொலைநோக்கு' என்பது இலக்கணப்படி ஐந்தெழுத்துச் சொல். ஆனால் வரியில் அது பத்து வடிவங்களாக நிற்கிறது: தொ என்பதற்கு மூன்று, லை என்பதற்கு இரண்டு, நோ என்பதற்கு மூன்று, பின்னர் க், கு. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் மெய்க்கு முன்னும் பின்னும் ஒரு குறியை நிறுத்துவதால் தமிழ்ச் சொல் பக்கவாட்டில் விரிகிறது. ஒட்டுநிலை மொழியாதலால் சொற்களும் நீளமானவை. ஆகவே ஒடுங்கிய எழுத்தின் தேவை ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே மிகுதி எனலாம். அதே வேளையில், உயரத்தில் ஆங்கிலத்துக்கு உள்ள வசதி தமிழுக்கு இல்லை. பெரிய எழுத்துகள் மட்டுமே கொண்ட ஆங்கில வரி இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவே முழுவதுமாக அடங்கும். அதனால்தான் பில்லிங் பிளாக்கின் வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்க முடிகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் மேலே எழ, உகர, ஊகாரக் குறிகளும் ழகர றகரங்களின் வாலும் கீழே இறங்குகின்றன. ஆங்கில வரிக்கு அமைத்த இடைவெளியைத் தமிழ் வரிக்கும் அப்படியே வைத்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் முட்டும்.

கணினியில் நெருக்குவது ஏன் தீர்வாகாது என்பதற்குக் கணக்கே போதும். 'ப' என்ற எழுத்துக்கு இரண்டு செங்குத்துக் கோடுகளும் ஓர் அடிக்கோடும் உண்டு. மூன்றும் 10 அலகு தடிப்பு என்று கொள்வோம். பக்க அமைப்பு மென்பொருளில் அதன் அகலத்தை 60 விழுக்காடாகக் குறைத்தால் செங்குத்துக் கோடுகள் 6 அலகாக மெலிய, அடிக்கோடு 10 அலகாகவே தங்கிவிடும். எழுத்து தன் அடியில் பாரம் கட்டியதுபோல் ஆகும். சுழிகளும் அவ்வாறே மேலும் கீழும் தடித்துப் பக்கங்களில் இற்றுப்போகும். தொடக்கத்திலேயே 4 அலகுள்ள மெல்லிய எழுத்தாயின் அதன் நிற்கும் கோடு 2.4 அலகாகி அச்சில் அறுந்துவிடும். ஒடுங்கிய எழுத்தில் பளுவைத் தாங்க வேண்டியவை நிற்கும் கோடுகளே. நெருக்குதல் அவற்றையே முதலில் நலிவிக்கிறது. நம் ஊர்ப் பெயர்ப்பலகை ஓவியர்கள் இதை எக்கல்லூரியிலும் பயிலாமலே அறிந்திருந்தனர். கடையின் பெயர் நீண்டு பலகை குறுகியபோது அவர்கள் எழுத்தை ஒடுக்கினர். ஆனால் தூரிகையை மாற்றவில்லை. ஒரே தூரிகையின் அகலமே எல்லாக் கோட்டுக்கும் தடிப்பாக அமைந்ததால், ஒடுங்கிய எழுத்திலும் கோடு கெடாமல் நின்றது. ஒடுங்கிய தமிழெழுத்தை வரைய முனைவோர் கற்கத்தக்க முதல் ஆசான்கள் அவர்களே.

வரைதலில் எழும் இடர்களுள் முதன்மையானது மூன்று சுழி ண. சுழியின் இரு பக்கங்கள், வளைவுகளின் இறங்குகோடுகள், இறுதியில் நிற்கும் கால் என அதில் பல கோடுகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஆங்கிலத்தில் ஒடுங்கிய எழுத்தைத் தடிப்பாகவும் வரையலாம், மெலிவாகவும் வரையலாம். அது சுவை பற்றியது. தமிழிலோ ஒடுக்கம் மிகும்போது ணகரம் அடைபடாமல் இருக்க வேண்டுமெனில் கோடு மெலிந்தே ஆக வேண்டும். மெலிவும் ஒடுக்கமும் தமிழில் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன. யூனிவர்ஸ் 39இல் உள்ளதுபோல் எல்லா எழுத்தையும் ஒரே அகலத்துக்குள் நிறுத்தும் ஆசையையும் இங்கே கைவிட வேண்டும். ரகரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரே அகலம் கொடுத்தால் ணகரம் வரியில் கரிய திட்டாகத் தெரியும். ண, ஞ, ஐ, ஔ ஆகியவற்றுக்கு அவை கேட்கும் இடத்தைத் தந்து, ர, ட, ப முதலியவற்றில் அதைச் சேமிப்பதே தமிழுக்குப் பொருந்தும் ஒடுக்கம்.

அடுத்தது, சிறு உறுப்புகளின் வேறுபாடு. 'விதி'யும் 'வீதி'யும் வேறுபடுவது ஈகாரக் குறியின் நுனியில் வரும் ஒரு சிறு சுழியால். 'கெடு'வும் 'கேடு'ம் வேறுபடுவது ஏகாரக் கொம்பின் மேற்சுழியால். 'மணம்', 'மனம்' ஆகியவற்றிடையே ஒரே ஒரு வளைவு. 'தரம்', 'தாம்' ஆகிய சொற்களின் வேறுபாடோ ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு வாலை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்த வால் மெலிந்து, ஒடுங்கி, அச்சில் தேய்ந்தால் அது வெறும் துணைக்காலாகிவிடும். இயல்பான அகலத்தில் தற்செயலாகத் தப்பிவிடும் இவ்வேறுபாடுகளை ஒடுங்கிய எழுத்தில் வடிவமைப்பாளர் வேண்டுமென்றே பெரிதாக்க வேண்டும். சுழியை முட்டை வடிவாக்கி மேலே உயர்த்தலாம். ரகரத்தின் வாலை வரிக்குக் கீழே துணிந்து இறக்கலாம். புள்ளியை மெல்லிய கோட்டின் தடிப்புக்கே வரையாமல் அதைவிடச் சற்றுப் பெரிதாக வைக்கலாம்.

இப்பணி தொடங்கப்பட்டுவிட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஏக் டைப் நிறுவனத்தின் அனேக் என்னும் தொகுப்பு 2022இல் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கும் இலத்தீனுக்கும் ஒருங்கே வெளிவந்தது. ஐந்து அகலங்களும் எட்டுக் கனங்களும் அதில் உண்டு. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழும் பல கனங்களிலும் ஒடுங்கிய அகலங்களிலும் கிடைக்கிறது. இரண்டும் மாறுநிலை எழுத்துருக்களாகவும் பயன்படுபவை. அதாவது, இரு முனைகளில் உள்ள வடிவங்களை வரைந்து தந்தால் இடைப்பட்ட அகலங்களையும் கனங்களையும் கணினி அவற்றிலிருந்து கணித்துக்கொள்ளும். இது நசுக்குதலன்று, ஒடுங்கிய முனையை ஒருவர் கையால் வரைந்திருப்பதால் இடைநிலைகளிலும் கோட்டின் தடிப்பு காக்கப்படுகிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் இவ்வெழுத்துருக்கள் இருக்கையில், அகலத்தை 60 விழுக்காடாக்கும் கட்டளையை நாடுவதற்கு இன்று எந்தத் தேவையும் இல்லை. ஆயினும் இவை பொதுப் பயன்பாட்டுக்கு வரையப்பட்டவை. யூனிவர்ஸ் 39 சென்ற கடைக்கோடிக்குச் செல்லும், தலைப்புக்கென்றே பிறந்த, நெட்டையான, நுண்கோட்டுத் தமிழெழுத்துகளுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

பக்கம் அமைப்போர் மெல்லிய ஒடுங்கிய எழுத்தைப் பெரிய அளவில், குறைந்த சொற்களுக்குப் பயன்படுத்துவதே நன்று. ஒரு சொல், மிஞ்சினால் ஒரு வரி, சுற்றிலும் வெற்றிடம்: இச்சூழலில் அவ்வெழுத்துக்கு நிகரான கம்பீரம் வேறெதற்கும் இல்லை. பத்தி முழுவதையும், விலைப்பட்டியலையும், மருந்துச் சீட்டின் எச்சரிக்கையையும் அதில் அமைப்பது படிப்பவருக்கு இழைக்கும் தீங்கு. எழுத்திடைவெளியிலும் ஒரு விழிப்பு வேண்டும். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளை விலக்கி வைக்கும் வழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, மென்பொருள்கள் பலவும் ஒவ்வொரு வடிவத்துக்கும் இடையே ஒரே இடைவெளியை இட்டுவிடுகின்றன. 'கொ' என்பதன் கொம்பும் ககரமும் துணைக்காலும் மூன்று தனித்தீவுகளாகிவிடுகின்றன. கொம்பு எந்த மெய்க்கு உரியதோ அதை ஒட்டியே நிற்க வேண்டும். உயிர்மெய் முழுவதையும் ஓரலகாகக் கொண்டு, அவ்வலகுகளுக்கு இடையே மட்டும் இடைவெளி விடுவது கையால் செய்ய வேண்டிய வேலையாயினும் தலைப்பு ஒன்றுக்கு அது பெரிய சுமையன்று.

திரைப்படச் சுவரொட்டி வடிவமைப்போரிடம் ஒரு தனி வேண்டுகோள் உண்டு. தமிழ்ப் படங்களின் சுவரொட்டிகளிலும் பெயர்த்தொகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஹாலிவுட் ஒப்பந்தம் பெற்றெடுத்த அதே நெருக்கத்தில் அமைகிறது. அவ்வொப்பந்தம் இல்லாத இடத்தில் அதன் தழும்பை மட்டும் சுமக்க வேண்டியதில்லை. படத்தலைப்பைத் தமிழில் எழுதும் அதே அக்கறையோடு பெயர்களையும் தமிழில் அமைத்து, வரி உயரத்தைக் கூட்டி, தேவையெனில் பெயர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒடுங்கிய ஆனால் மிக மெலியாத தமிழெழுத்தில் தந்தால், ஒலிப்பதிவாளரின் பெயரையும் கலை இயக்குநரின் பெயரையும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் படிப்பார்.

எழுத்துரு வரைவோரிடம் வேண்டுவது மாதிரி ஏடு பற்றியது. தமிழ் எழுத்துருக்களை அறிமுகப்படுத்தும் மாதிரிகள் பெரும்பாலும் அம்மா, தமிழ், கவிதை போன்ற எளிய சொற்களையே காட்டுகின்றன. அவற்றில் எந்த எழுத்தும் திணறுவதில்லை. ஒடுங்கிய எழுத்துருவை வெளியிடுவோர் 'கண்ணாடி', 'ஔவையார்', 'ஞாயிற்றுக்கிழமை', 'தொலைநோக்கு', 'ஊழியர்' ஆகிய சொற்களை, அதே எழுத்துருவின் மிக ஒடுங்கிய, மிக மெல்லிய வகையில், 48 பாயிண்ட், 24 பாயிண்ட், 12 பாயிண்ட் அளவுகளில் அச்சிட்டுக் காட்டி, எந்த அளவுக்குக் கீழே அவ்வகையைப் பயன்படுத்தலாகாது என்பதை அந்தப் பக்கத்திலேயே வெளிப்படையாகக் குறிப்பிடுவார்களாயின், அவ்வெழுத்தை வாங்கும் பக்க வடிவமைப்பாளருக்கும் அதைப் படிக்கப்போகும் வாசகருக்கும் அது பெரிதும் உதவும்.

இங்ஙனம்,
தமிழ் அச்செழுத்தின்பால் அக்கறையுடைய ஒரு வாசகர்